நிழலுக்கு எந்த மரம்?

சித்திரை பிறந்துவிட்டால் புதுக்கோட்டைப் பக்கம் டீக்கடைப் பேச்சு ஒன்றே ஒன்றுதான். "நேத்து நாப்பதத் தாண்டிருச்சாம்ல!" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அட, இன்னும் கத்திரியே பொறக்கலையே" என்று இன்னொருவர் முடிப்பார். இந்தப் பேச்சு நடக்கும் இடத்தைக் கவனித்தால் ஒன்று புரியும். கடைக்குள் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஆட்கள் நிற்பது வெளியே, வேப்பமரத்தடியில்.

அந்த நாற்பது டிகிரிக்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. வானிலை நிலையம் சொல்லும் வெப்பநிலை வெயிலில் எடுத்தது அல்ல. காற்று உள்ளே வந்து போகும்படி பலகைகள் அடித்த வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் வைத்த வெப்பமானி காட்டும் அளவு அது. அதாவது நாற்பது என்பதே நிழல் கணக்கு! களை எடுக்கிறவர், கண்மாயில் மண் வெட்டுகிறவர், தலையில் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிறவர் ஆகியோர் தாங்குவது அந்த நாற்பதையும், அதற்கு மேல் நேராக உடம்பில் விழும் சூரியக் கதிரையும். தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது சும்மா இல்லை.

மரம் செய்யும் வேலை என்ன? மரத்தடியில் காற்று ஒன்றும் பெரிதாகக் குளிர்ந்துவிடுவதில்லை. ஓரிரு டிகிரி குறைந்தால் அதிகம். ஆனால் மேலிருந்து விழும் கதிர் தடுக்கப்படுகிறது. கீழே தரையும் சுவரும் சூடேறாததால் அவை திருப்பி அனுப்பும் வெப்பமும் இல்லை. உடம்புக்கு இதுதான் பெரிய வித்தியாசம். தகரக் கூரையும் நிழல்தான், ஆனால் தகரம் தானே சூடாகி கீழே இருப்பவர் தலையில் வெப்பத்தைக் கொட்டும். இலை அப்படியில்லை. வேர் உறிஞ்சிய தண்ணீரை ஆவியாக்கித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். பஸ் நிறுத்தத்துக் கூரையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் மரத்தடிக்குச் சனங்கள் போய் நிற்பதன் காரணம் இதுதான்.

சரி, நிழலுக்கு மரம் வைக்க வேண்டும். எந்த மரம்? "ஏதோ ஒண்ணு, சீக்கிரம் வளரணும்" என்பதுதான் வழக்கமான பதில். தப்பு நடக்கும் இடமும் அதுதான்.

கஜா சொல்லிக்கொடுத்த பாடம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. கரையேறிய புயல்கள் சீக்கிரம் வலுவிழந்துவிடும் என்ற நம்பிக்கையில் இருந்த உள்மாவட்டங்களையும் அது விடவில்லை. கறம்பக்குடி, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கந்தர்வகோட்டை என்று ஊர் ஊராகத் தென்னையும் பலாவும் மாவும் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வரவே வாரக்கணக்கில் ஆயிற்று. தோப்பு போனது வருமானம் போன கதை. அது எல்லோருக்கும் தெரியும். வாசல் மரம் போனது வேறு கதை. 2019 கோடை வந்தபோதுதான் அது உறைத்தது. கட்டில் போட இடமில்லை, மாடு கட்ட இடமில்லை, திண்ணையில் மத்தியானம் உட்கார முடியவில்லை. 'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது வெறும் உவமை இல்லை என்று அந்த வருஷம் தெரிந்தது.

பிறகு எல்லோரும் கன்று வைத்தார்கள். சங்கங்கள் கொடுத்தன, பள்ளிகள் கொடுத்தன, கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையோடு கொடுத்தார்கள். அவற்றில் எது பிழைத்தது, எது நிழல் தருகிறது என்று இப்போது பார்த்தாலே நான்கு கேள்விகள் தானாக எழும்.

ஒன்று: வெயில் காலத்தில் அந்த மரத்தில் இலை இருக்குமா?

சிரிக்க வேண்டாம், முதல் கேள்வியே இதுதான். எல்லா மரமும் எல்லா மாதமும் இலையோடு இருப்பதில்லை. சில மரங்கள் வறட்சியைச் சமாளிக்கச் சரியாக வெயில் காலத்தில் இலையைக் கொட்டிவிடும்.

தேக்கு நல்ல உதாரணம். பெரிய இலை, மழைக்காலத்தில் அடர்ந்த நிழல். ஆனால் தையில் உதிரத் தொடங்கினால் பங்குனி, சித்திரையில் மொட்டையாக நிற்கும். மயில்கொன்றையும் அப்படித்தான். மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். மே மாதம் சிவப்பாகப் பூத்து நிற்கும்போது கண்ணுக்கு விருந்து, ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மாதம் வெறும் குச்சியும் நீளக் காயும்தான். சரக்கொன்றை பூக்கும்போது பொன்மழை, அடியில் நின்றால் வெயில். வாகையும் மாசி, பங்குனியில் உலர்ந்த காய்களைச் சலசலக்க வைத்துக்கொண்டு வெறுமனே நின்று பிறகுதான் தழைக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம் புங்கை. மாசி வாக்கில் பழைய இலையைக் கொட்டும். பங்குனி முடிவதற்குள் பளபளவென்று புதுத்தளிர் வந்து மூடிவிடும். கத்திரி வெயில் வரும்போது மரம் புதுக்குடை பிடித்துத் தயாராக நிற்கும். வேம்பும் கிட்டத்தட்ட அதே கணக்கு. சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பூ பறிக்கும்போது மேலே பாருங்கள், இலை அடைந்திருக்கும். இலையுதிர்ப்பு வெயிலுக்கு முன்பே முடிந்துவிடுவதுதான் இவற்றின் சிறப்பு.

மகிழம், நாவல், பூவரசு, புளி, மா, பலா ஆகியவை ஏறக்குறைய ஆண்டு முழுதும் இலையோடு இருப்பவை. இதில் மகிழத்துக்கு மட்டும் பொறுமை வேண்டும். மெதுவாக வளரும். வைத்தவர் பேரப்பிள்ளைகளுக்குத்தான் முழு நிழல் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை, ஆனாலும் பத்து வருஷம் பொறுக்க வேண்டும்.

இரண்டு: வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும். வீட்டுக்குத் தெற்கே நிழல் மரம் வையுங்கள் என்று. அது அந்த ஊருக்குச் சரி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சூரியன் ஆண்டு முழுதும் தெற்குப் பக்கம் சாய்ந்தே போகும்.

புதுக்கோட்டை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் பத்தரை டிகிரியில். இங்கே ஏப்ரல் நடுவில், அதாவது சித்திரை முதல் வாரத்திலேயே, நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்துவிடும். அன்று நேராக நட்ட கம்புக்கு நிழலே விழாது. பள்ளிக்கூடங்களில் நிழலில்லா நாள் என்று செய்து காட்டுவார்கள். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும்! ஜூன் 21-ஆம் தேதி உச்சியிலிருந்து சுமார் 13 டிகிரி வடக்கே. ஆகவே தெற்கே மரம் வைத்தால் மார்கழி, தையில் நன்றாக நிழல் தரும். அப்போது நிழல் யாருக்கு வேண்டும்?

கோடைக்கு வேண்டியது மேற்கும் வடமேற்கும். மூன்று மணிக்கு மேல் சாய்ந்து வரும் வெயில்தான் சுவரைச் சுடவைக்கிறது. செங்கல் சுவர் மாலை வரை வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்குள் விடும். மின்விசிறி போட்டும் அனல் அடிக்கிறது என்று சொல்வது இதைத்தான். எனவே மேற்குச் சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி ஒரு வேம்போ புங்கையோ வைத்தால் அந்தச் சுவர் தப்பிக்கும். சாய்ந்த வெயில் உயரமான மரத்தின் கிளைகளுக்குக் கீழே நுழைந்து வந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்குச் சுவரோரம் நொச்சி, ஆடாதோடை, செம்பருத்தி மாதிரி ஆள் உயரப் புதர் வரிசை போதும். நொச்சியும் ஆடாதோடையும் ஆடு கடிக்காது, தண்ணீரும் அதிகம் கேட்காது.

வாசல் கிழக்குப் பார்த்திருந்தால் முன்பக்கம் காலை வெயில் வரும். அதைத் தடுக்க வேண்டியதில்லை. அரிசி உலர்த்தவும் வற்றல் போடவும் வீட்டுக்கு ஒரு வெயில் பக்கம் வேண்டும் அல்லவா?

மூன்று: மண் என்ன, தண்ணீர் எவ்வளவு?

மாவட்டம் முழுதும் ஒரே மண் இல்லை. ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் செம்மண்ணும் அதற்கு அடியில் செம்புறாங்கல்லும். திருமயம், நார்த்தாமலை, குடுமியான்மலைப் பக்கம் போனால் பாறை. கிழக்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று கடற்கரை வந்துவிடும். அங்கே மணலும் உப்பும்.

உப்புக் காற்று அடிக்கும் கடலோரத்தில் பூவரசும் புன்னையும் புங்கையும் தாங்கும். பூவரசுக்குக் கன்று கூடத் தேட வேண்டாம். கை பருமன் போத்து ஒன்றை வெட்டி மழைக்காலத்தில் ஊன்றினால் தழைத்துவிடும். செம்மண்ணில் வேம்பு, புங்கை, நாவல், இலுப்பை எல்லாம் வரும். செம்புறாங்கல் மேலாகவே இருந்தால் குழியை ஆழமாக எடுத்து, வண்டல் போட்டு வைக்க வேண்டும். வேர் ஒரு தடவை கல்லைத் தாண்டி இறங்கிவிட்டால் பிறகு கவலையில்லை. கண்மாய்க் கரைக்கு மருதம். தண்ணீர் பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு வாழ்வு. தெருவோரத்தில் வைத்துவிட்டு 'வளரவில்லையே' என்று அதைக் குறை சொல்லக் கூடாது.

இந்த மண்ணுக்கு எது பொருந்தும் என்று முன்னோர்கள் ஊர்ப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆலங்குடி, இலுப்பூர், பனையப்பட்டி, பூவரசகுடி. மாவட்ட வரைபடத்தை விரித்தால் பாதி மரங்களின் பெயர்ப்பட்டியல் கிடைத்துவிடும். இலுப்பூர்ப் பெயரில் இருக்கும் இலுப்பையை இன்று நாற்றங்கால்களில் கேட்டால் பல இடங்களில் கிடைக்காது என்பதுதான் வருத்தம்.

இன்னொரு சாட்சி அய்யனார் கோயில் காடுகள். குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் பெரிய குதிரைக்குப் பெயர்பெற்றது. அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு காரைச் செடி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சாமிக்குப் பயந்து ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்காமல் விட்ட இடங்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் மிச்சமிருக்கின்றன. அங்கே பாலை, வீரை, காசா, நாவல் போன்ற மரங்கள் யாரும் தண்ணீர் ஊற்றாமல், எத்தனையோ வறட்சியைத் தாண்டி, கோடையிலும் பச்சையாக நிற்கின்றன. தாவரவியல்காரர்கள் இதை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். சின்ன, தடித்த இலை. ஆழமான வேர். அவசரமில்லாத வளர்ச்சி. இந்த வெயிலுக்கு இயற்கை கண்டுபிடித்த விடை அதுதான்.

தைல மரம் இதற்கு நேர் எதிர். தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974-ல் தொடங்கிய பிறகு புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏராளமான நிலத்தில் தைல மரம் ஏறியது. காகிதத்துக்கு அது நல்ல மரமாக இருக்கலாம். ஆனால் அந்தத் தோப்புக்குள் உச்சி வெயிலில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நிழல் என்று ஒன்று இருக்காது. காரணம், அதன் இலை வெயிலுக்கு முகம் காட்டாமல் ஓரத்தைக் காட்டித் தொங்கும். தன் தண்ணீரை மிச்சப்படுத்த மரம் செய்யும் தந்திரம் அது. மரம் பிழைக்கும், கீழே நிற்கிறவர் காய வேண்டியதுதான்.

நான்கு: காற்றுக்கு நிற்குமா?

சீக்கிரம் வளரும் மரத்துக்குக் கட்டை மென்மையாக இருக்கும் என்பது பொது விதி. தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, இயல்வாகை எல்லாம் வெளியிலிருந்து வந்து சாலையோரங்களைப் பிடித்தவை. சீக்கிரம் வளர்ந்து பரந்த குடை பிடிக்கும். மைதானத்தில், பள்ளி வளாகத்தில், வீடும் கம்பியும் இல்லாத இடத்தில் தூங்குமூஞ்சியைப் போல ஒரு நிழல் கிடையாது. ஆனால் கூரை ஓரத்தில் அது ஆபத்து. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களில் இந்த வகைகள் நிறைய இருந்ததை அப்போது செய்தித்தாள் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மரத்தை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. அடிமரம் வரை சிமெண்ட் போட்டு மூடினால் வேர் எங்கே போகும்? ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் குழாய் என்று வேரை வெட்டினால் எந்த மரமும் சாயும். நாற்றங்காலில் ஆறடி உயரக் கன்று சின்னப் பைக்குள் நின்றால் அதைத் தொடவே கூடாது. வேர் பைக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். வைத்த பிறகும் அந்தச் சுருள் நேராகாது. இரண்டடிக் கன்று, தண்டு பென்சிலை விடத் தடிமனாக இருந்தால் அதுவே நல்ல கன்று. ஆறே வருஷத்தில் உயரக் கன்றைத் தாண்டிப் போய்விடும்.

அண்மையில் பரவிய இன்னொரு மோகம் கோனோகார்ப்பஸ். வேகமாக வளரும், எப்போதும் பச்சை, மாடு தின்னாது. நிறுவன வாசல்களில் வரிசையாக வைத்தார்கள். அதன் வேர் குழாய்களையும் நிலத்தடிக் கம்பிகளையும் கெடுக்கிறது, மகரந்தம் மூச்சுத் தொல்லை தருகிறது என்று குஜராத் அரசு 2023-ல் அதைத் தடை செய்தது. வேகம் வேகம் என்று ஓடினால் இப்படித்தான்.

நிழலுக்குள் எதை வைப்பது?

மரம் வளர்ந்தாயிற்று. அடியில் வெறும் மண் கிடக்கிறது. அங்கே ஏதாவது செடி வைக்க ஆசை வரும். இணையத்தில் தேடினால் நிழல் செடிகள் என்று அழகழகாக ஹோஸ்டா, பெரணி வகைகள் எல்லாம் வரும். அவை குளிர் நாட்டுச் செடிகள். வெயில் படாவிட்டாலும் இங்கே பிழைக்காது. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும் காய்ந்த காற்று இலையை விளிம்பிலிருந்து கருக்கிவிடும். நிழல் வேறு, குளிர்ச்சி வேறு என்பதைப் பலரும் செடி செத்த பிறகுதான் புரிந்துகொள்கிறார்கள்.

இந்த ஊர் நிழலுக்கு இந்த ஊர்ச் செடிகளே போதும். கற்பூரவல்லி அரை நிழலில் செழிக்கும். முழு வெயிலில் அதன் இலை வெளிறிச் சிறுத்துப் போகும். கனகாம்பரம் லேசான நிழலில் நன்றாகப் பூக்கும். கீரமங்கலம் பூச்சந்தை பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மருள் எனும் பாம்புக் கற்றாழைக்கு எந்த நிழலும் சம்மதம், வாரம் ஒரு முறை தண்ணீர் போதும். (அதைக் கொல்ல ஒரே வழி தினமும் தண்ணீர் ஊற்றுவது!) பிரண்டையை வேலியோரம் போட்டால் ஏறிக்கொள்ளும். நந்தியாவட்டை பாதி நிழலிலும் வெள்ளையாகப் பூக்கும். கிணற்றடி, குளியலறைத் தண்ணீர் போகும் இடம் என்றால் சேம்பு, மஞ்சள், வாழை.

வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்துத் தோப்புகளில் சிலர் ஒரு படி மேலே போய்விட்டார்கள். மரத்தில் மிளகுக் கொடி! மிளகு என்றால் மலையில்தான் என்ற எண்ணத்தை உடைத்து, தென்னை, பலா நிழலில் சமவெளியிலேயே காய்க்க வைத்திருக்கிறார்கள். மேலே நிழலும் கீழே ஈரமும் இருந்தால் கொடிக்கு அது மலையா சமவெளியா என்று தெரியப்போவதில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மரத்தடியில் வெளிச்சத்தைவிடத் தண்ணீருக்குத்தான் போட்டி. மேல்மண்ணில் இருக்கும் ஈரத்தை மரத்தின் வேர் இழுத்துக்கொள்ளும். எனவே சின்னச் செடிகளைத் தொட்டியில் வைத்து மரத்தடியில் நகர்த்தி வைப்பது நல்லது. புளியமரத்தடியில் எதையும் நட்டு ஏமாற வேண்டாம், அங்கே பெரும்பாலும் ஒன்றும் வராது. அங்கே கட்டில் போடலாம். ராத்திரியில் புளியமரத்தில் பேய் இருக்கும் என்ற பயம் இருப்பவர்கள் பகலிலாவது போடலாம்!

எப்போது வைப்பது?

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். அன்று ஊரெங்கும் கன்று நடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். கேரளாவில் அது சரியான நாள், பருவமழை வந்து இறங்கும் நேரம். புதுக்கோட்டையில்? மேல்காற்று அடித்து மண் காய்ந்துகொண்டிருக்கும் நேரம். ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடியோடு சில மழை வரும். அதை நம்பிக் கன்று வைக்க முடியாது. இந்த மாவட்டத்தின் பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதலிலோ வைத்தால் கார்த்திகை முடிய வானமே தண்ணீர் ஊற்றும். வெயில் வருவதற்குள் வேருக்கு நாலைந்து மாத அவகாசம். ஜூனில் வைத்த கன்று பட்டுப்போனதற்குக் கன்று காரணமில்லை, நாள்காட்டி காரணம்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து போட வேண்டும். காற்றுக்கு ஒரு கம்பு, ஆட்டுக்கு ஒரு முள் வேலி. பிறகு இரண்டு கோடை. அந்த இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் இரண்டு குடம் தண்ணீர். அடியில் காய்ந்த இலையையோ தென்னை மட்டையையோ போட்டு மூடினால் ஒரு குடம் மிச்சம்.

கர்நாடகத்தில் சாலுமரத திம்மக்கா என்று ஓர் அம்மாள் இருந்தார். பிள்ளை இல்லாத அவரும் அவர் கணவரும் ஹுலிகல் – குதூர் சாலையோரம் ஆலங்கன்றுகளை வைத்துக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தார்கள். 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் கன்று வைத்தார் என்பதைவிட, அத்தனை கோடையும் தண்ணீர் சுமந்தார் என்பதுதான் விஷயம்.

புதுக்கோட்டைக்கும் அப்படி ஒருவர் இருந்தார். செந்தங்குடி 'மரம்' தங்கசாமி. விவசாயத்தில் கடன்பட்டு நொந்தவர், தன் நிலத்தில் மரங்களை வைக்கத் தொடங்கினார். வைத்தது ஒரே வகை மரம் அல்ல, பல நூறு வகை. உழாமல், உரம் போடாமல், உதிர்ந்த இலையை அங்கேயே மக்கவிட்டு அந்த நிலத்தை ஒரு காடாக்கினார். கற்பகச் சோலை என்று அதற்குப் பெயர் வைத்தார். விசேஷ வீடுகளுக்குப் போனால் மொய்யைவிட மரக்கன்றுதான் அவர் அடையாளம். 2018-ல் அவர் மறைந்தார். அதே ஆண்டில்தான் கஜாவும் வந்தது. ஒரே வகை மரம் வைத்தவருக்கு ஒரு புயலில் எல்லாம் போய்விடும், பலவகை வைத்தவருக்கு ஏதாவது நிற்கும் என்று அவர் வழியில் போனவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

நிழல் யாருக்கு?

வீட்டு நிழலை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். சாலை நிழலை யார் பார்ப்பது? திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று எந்தத் திசையில் போனாலும் ஒரு காலத்தில் இருபுறமும் புளியமரம் கைகோத்து நிற்கும். சாலை அகலமானபோது அவை போயின. சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அந்த மரம் போனது தெரியாது. சைக்கிளில் போகிறவருக்குத் தெரியும். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்கும் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தெரியும்.

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க வேண்டும் என்று 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. நல்ல இலக்குதான். ஆனால் சதவீதக் கணக்கில் தைலமரமும் பச்சைதான், சீமைக்கருவேலமும் பச்சைதான். மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். கீழே உட்காருகிறவருக்குத் தெரியும். ஆகவே எத்தனை கன்று வைத்தோம் என்று எண்ணுவதற்குப் பதிலாக, சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு ஓர் ஊரில் எத்தனை பேர் நிழலில் உட்கார முடியும் என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும்.

சுருக்கமாக வேண்டுபவர்களுக்கு:

வீட்டு மேற்கே வேம்பு அல்லது புங்கை. பின்பக்கம் இடம் இருந்தால் மாவோ பலாவோ. பள்ளி மைதானத்துக்கு நாவல், இலுப்பை, தூங்குமூஞ்சி. கண்மாய்க் கரைக்கு மருதம். கடலோரத்துக்குப் பூவரசு, புன்னை. கோயில் திடலுக்கும் ஊர்ப் பொதுவுக்கும் ஆலும் அரசும். அவற்றை மட்டும் வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், சுவர் இருக்காது. பஸ் நிறுத்தத்துக்குப் புங்கை. பொறுமை இருப்பவர்களுக்கு மகிழம்.

ஐப்பசிக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, இப்போதே குழியை எடுத்து ஆறவிடலாம். குழி வெயில் காய்ந்தால் நல்லதுதான். கன்றுதான் காயக் கூடாது.